மாடி வீட்டு கிரைண்டர்

மடிப்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருப்பது இரண்டாவது மாடி. எங்களுக்கு மேல் வீட்டு அக்கா இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். விடியற்காலை நாலரைக்கு கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும். என் கட்டில் அதற்கு நேர் கீழே.

முதலில் நான் செய்தது தப்பு. மாடியேறிப் போய்ப் பேசாமல் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். ஆளாளுக்கு ஒன்று சொல்ல, அந்த அக்கா என்னைப் படியில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். செகரெட்டரி, "நீங்களே பேசித் தீத்துக்கோங்க சார்" என்று நழுவிவிட்டார்.

கோபத்தில் சட்டத்தைத் தேடினேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. அதற்கு மேல் இன்னும் 10 டெசிபல் கூடினால் புகார் கொடுக்கலாம். ஆசை ஆசையாக மொபைலில் ஒரு ஆப் இறக்கி, ஃபேனை நிறுத்திவிட்டு அளந்தேன். 43! போலீஸுக்குப் போயிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆனால் தலையணையில் காதை வைத்தால் மண்டைக்குள் உறுமுகிறது. எழுந்து உட்கார்ந்தால் அவ்வளவாக இல்லை. அப்போதுதான் உறைத்தது: கிரைண்டரின் அதிர்வு தளத்தில் இறங்கி, சுவர் வழியாகக் கட்டிலுக்கு வருகிறது. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினேன். பாதி அடங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவியோடு மேலே போனேன். குரூப்பில் எழுதியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன்.

"ஆறு மணிக்கெல்லாம் கடைக்காரர் கேப்பாரு தம்பி, நேரத்தை மாத்த முடியாது."

"நேரம் இருக்கட்டும்க்கா. கிரைண்டரைக் கொஞ்சம் பாக்கலாமா?"

சுவரை ஒட்டி, வெறும் டைல்ஸ் மேல் நின்றது. ஒரு கால் ஆடியது. அடுத்த வாரம் கனமான ரப்பர் ஷீட் வாங்கிக் கொடுத்தேன், என் செலவில்தான். அவர் மகனும் நானும் கிரைண்டரைத் தூக்கி, அடியில் ஷீட்டை விரித்து, ஆடிய காலைச் சரிசெய்து, சுவரைவிட்டுத் தள்ளி வைத்தோம்.

மறுநாள் ஐந்தரைக்குத்தான் விழித்தேன், அதுவும் உளுந்து ஊறவைத்த அண்டாவை அவர் தரையில் இழுத்த சத்தத்தில். அது இன்றும் தினமும் கேட்கிறது. எழுந்து பால் வாங்கப் போய்விடுகிறேன்.