சாமியறைக்குள் போகாத ரோபோ

கூட்டுகிற ரோபோவுக்கு வைஃபை கட்டாயம் என்றில்லை. மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் அது பாட்டுக்குக் கிளம்பி, வீட்டைக் கூட்டிவிட்டு, சார்ஜ் ஏறும் இடத்துக்குத் திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். அண்ணா டுபாயிலிருந்து கொண்டுவந்து தந்த கையோடு நாங்கள் அப்படித்தான் அதை ஓடவிட்டோம். கொழும்பு வெள்ளவத்தையில், அதுவும் கடற்கரைப் பக்கத் தொடர்மாடியில் இருப்பவர்களுக்குத் தெரியும்: யன்னலைத் திறந்தால் உப்பும் தூசியும், பூட்டினால் புழுக்கம். காலையில் கூட்டிய தரை பின்னேரம் மறுபடி நறநறக்கும். அம்மாவுக்கு இடுப்பு நோவு, தும்புத்தடியோடு குனிய முடியாது. ஆகவே ரோபோ வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

சிக்கல் வந்தது சாமியறையால். எங்கள் வீட்டில் சாமியறைக்குக் கதவு இல்லை, திரைச்சீலை மட்டும்தான். ரோபோ பாத்ரூம் வாசல் மிதியடியில் ஏறி இறங்கி, நேரே திரைச்சீலைக்குக் கீழால் நுழைந்து குத்துவிளக்கைப் போய் முட்டியது. அம்மாவின் முகம் மாறிவிட்டது. “கண்ட இடத்திலயும் உருண்ட சில்லோட சாமிக்கு முன்னால போகுது. இது சரிவராது பிள்ளை. அண்ணாட்டயே திருப்பிக் குடு.”

இந்த இடத்துக்குப் போகாதே என்று ரோபோவுக்குச் சொல்ல வழி இருக்கிறது. அது லேசரால் சுற்றிப் பார்த்து வீட்டின் வரைபடத்தைத் தானே தயாரிக்கிறது. போனில் இருக்கும் செயலியில் அந்த வரைபடத்தைத் திறந்து, சாமியறையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால் போதும். ஆனால் அதற்குச் செயலி வேலை செய்ய வேண்டும், செயலி வேலை செய்ய ரோபோ வைஃபையில் இருக்க வேண்டும். அங்கேதான் என் சனிக்கிழமை போயே போய்விட்டது.

கையேட்டில் இது அரைப் பக்கத்துக்குள் முடிகிற விடயம். செயலியை இறக்கு, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கு, பாஸ்வேர்டைப் போடு, முடிந்தது. முடியாவிட்டால் ‘மீண்டும் முயலவும்’. ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு வரியும் கிடையாது. எனக்கு உதவியது உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொண்டதுதான். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரோபோவில் திரையும் இல்லை, எழுத்துப் பலகையும் இல்லை. உங்கள் வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அதற்கு யாராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தப் பொத்தான்களை அமுக்கியதும் ரோபோ தானே ஒரு சின்ன வைஃபையைத் திறக்கிறது. உங்கள் போன் வீட்டு வைஃபையை விட்டுவிட்டு அதில் போய்ச் சேர்ந்து, விபரத்தைக் கொடுக்கிறது. உடனே ரோபோ தன் வைஃபையை மூடிவிட்டு வீட்டு ரவுட்டரோடு சேரப் பார்க்கிறது. சேர்ந்ததும் இணையம் வழியாகத் தயாரிப்பாளரின் சேவையகத்துக்கு (சேர்வர்) போய், இன்ன கணக்குக்காரரின் ரோபோ நான் என்று பதிந்துகொள்கிறது. போனுக்கு இதில் கலியாணத் தரகரின் வேலை. இரண்டு பகுதியையும் கதைக்க வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும்.

ஆக மூன்று கைமாற்றங்கள்: போனிலிருந்து ரோபோவுக்கு, ரோபோவிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டர் வழியாகச் சேவையகத்துக்கு. செயலியில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றிச் சதவீதம் காட்டும், பார்த்திருப்பீர்கள். அது தொடக்கத்திலேயே நின்றால் முதலாவதில் கோளாறு. நடுவில் நின்றால் ரவுட்டர். கடைசியில் தொங்கினால் சேவையகப் பக்கம். எல்லாச் செயலியும் ஒரே மாதிரிக் காட்டாது என்றாலும் வரிசை இதுதான்.

எனக்கு மூன்றிலும் ஒவ்வொரு தடங்கல் இருந்தது. ஒன்றைத் தீர்த்தால்தான் அடுத்தது தெரிந்தது.

முதலாவது, போன். ரோபோவின் வைஃபையில் இணையம் கிடையாது. அது வெறும் பேச்சுவார்த்தைக்குத் திறந்த வழி. ஆனால் இன்றைய போன்கள் இணையம் இல்லாத வைஃபையில் ஒரு நிமிடம் இருக்கப் பொறுக்காது. சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், அல்லது ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரவா?’ என்று கேட்கும். நாங்கள் கவனிக்காமல் விட்டால் பழைய வைஃபைக்கே திரும்பிவிடும். செயலி பாவம், ரோபோவைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருக்கும். மொபைல் டேட்டாவை நிறுத்தினேன், அலுவலக வேலைக்காகப் போட்டிருந்த விபிஎன்னையும் (போனின் இணையப் போக்குவரத்தை வேறு வழியால் அனுப்பும் செயலி) நிறுத்தினேன். அந்தக் கேள்வி வந்தபோது ‘ஆம், தொடர்’ என்று அழுத்தினேன். வட்டம் நகர்ந்தது.

இதோடு அனுமதிகளையும் பார்க்க வேண்டும். ஆண்ட்ரொய்டில் 2015இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து, சுற்றியுள்ள வைஃபைகளைத் தேட ஒரு செயலிக்கு இருப்பிட அனுமதி தேவை. 13ஆம் பதிப்பிலிருந்து ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்று தனியாகவும் ஒன்று கேட்கும். ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ‘உள்ளூர் நெட்வொர்க்’ அனுமதி இருக்கிறது. கூட்டுகிற மெஷினுக்கு நான் நிற்கும் இடம் எதற்கு என்று கோபம் வந்து மறுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் மறுத்தால் வேலை நடக்காது. இணைத்து முடித்த பிறகு இருப்பிட அனுமதியை எடுத்துவிட்டேன். ரோபோ அதனால் கூட்டுவதை நிறுத்தவில்லை.

இரண்டாவது, ரவுட்டர். பெரும்பாலான கூட்டும் ரோபோக்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும், 5 தெரியாது. மலிவான வைஃபை சிப் என்பது ஒரு காரணம். அலைநீளம் கூடிய 2.4 சுவர்களைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் போகும் என்பதால் வீடு முழுக்க அலையும் சாதனத்துக்கு அது பொருத்தமும்கூட. வேகம் குறைவு, ஆனால் ரோபோ படமா பார்க்கப் போகிறது?

இப்போது வீடுகளுக்குத் தருகிற ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசைக்கும் பெரும்பாலும் ஒரே பெயர்தான் வைத்திருக்கும். எந்தச் சாதனத்தை எதில் போடுவது என்று ரவுட்டரே முடிவு செய்யும். போனுக்கு அது வசதி. ரோபோவை இணைக்கும்போது அதுவே இடைஞ்சல், ஏனென்றால் போன் நிற்பது 5இல், சில செயலிகள் அதைப் பார்த்ததும் முரண்டு பிடிக்கும். வைஃபையின் பாதுகாப்பு முறையும் ஒரு வில்லங்கம். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 பல ரோபோக்களுக்குப் புரியாது, டபிள்யூபிஏ2தான் புரியும். இரண்டும் கலந்த முறையிலும் சிலது தடுமாறும்.

இதெல்லாம் ஊகம்தானே, பிழை ரோபோவிலேயே இருந்தால்? அதைப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது, யாருக்கும் சொல்வேன். அம்மாவின் பழைய ஆண்ட்ரொய்ட் போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, அமைப்பில் 2.4 என்று தெரிவுசெய்து, ரோபோவை அதோடு இணைத்துப் பார்த்தேன். (ஐபோன் 12இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் ‘அதிகபட்சப் பொருத்தம்’ என்ற சுவிட்சைப் போட்டால் அதுவும் 2.4இல் வரும்.) அம்மா தன் போனை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். “நான் எழும்பினா அறுந்து போடுமோ?” இல்லை அம்மா, எழும்பலாம் என்றேன். அவர் எழும்பவில்லை. ரோபோவின் விளக்கு மெதுவாக மினுங்கியது, பிறகு வேகமாக மினுங்கியது, பிறகு மினுங்காமல் நின்று எரிந்தது. நடுக் கட்டம் தாண்டியாயிற்று. ரோபோவில் ஒரு பழுதும் இல்லை, குழப்படி ரவுட்டரில்தான்.

ஆனால் வட்டம் கடைசியில் போய்த் தொங்கிக்கொண்டது. அது மூன்றாவது தடங்கல், பிராந்தியம். செயலியில் கணக்குத் திறக்கும்போது நாடு கேட்கும், நான் இயல்பாக இலங்கை என்று போட்டிருந்தேன். சில தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் தனிச் சேவையகம் வைத்திருக்கிறார்கள். ஒரு சந்தைக்கென்று விற்ற மெஷின் அந்தச் சேவையகத்தில்தான் பதியும். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவந்து தருகிற சாமான் அதிகம் புழங்கும் எங்கள் ஊரில் இது பலருக்கு நடக்கக்கூடியது. செயலியில் நாட்டை மாற்றி, ரோபோ வாங்கிய நாட்டைப் போட்டேன். மறுபடி ஹொட்ஸ்பொட். இந்த முறை கடைசி வரை போனது. ரோபோ ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அம்மா “என்னவாம்?” என்று கேட்டார்.

அம்மாவின் போனில் நெடுக ஓட்ட முடியாது, ரவுட்டரைத் திருத்தத்தான் வேண்டும். ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 என்ற முகவரியும் பாஸ்வேர்டும் இருந்தன. அந்த முகவரியை போனின் உலாவியில் அடித்து உள்ளே போனால் வைஃபையின் பெயரை மாற்ற விட்டது, அலைவரிசைகளைப் பிரிக்கும் பக்கம் மட்டும் பூட்டியிருந்தது. இணைப்புத் தந்த நிறுவனத்துக்கு எடுத்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தி, நிறையப் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு தம்பி வந்தார். கேட்டுவிட்டு, “றோபோ வாங்கினாக்கள் எல்லாரும் இதுக்குத்தான் எடுக்கிறவை மிஸ்” என்று சிரித்தார். அங்கிருந்தபடியே இரண்டையும் பிரித்து, 2.4இன் பாதுகாப்பை டபிள்யூபிஏ2க்கு மாற்றித் தந்தார். எல்லோருமே இதற்கு எடுக்கிறார்கள் என்றால் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் போட்டால் என்ன என்று கேட்க வாய் வந்தது. அவர் நல்ல பிள்ளை, விட்டுவிட்டேன்.

யாராவது பூட்டைத் திறக்க மறுத்தால் இன்னொரு வழி உண்டு. பல ரவுட்டர்களில் விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை போடலாம், அதை 2.4இல் மட்டும் வைக்கலாம். ரோபோவை அதில் விட்டால் உங்கள் கணினி, போன் எல்லாம் இருக்கும் வலையிலிருந்து அது ஒதுங்கி இருக்கும். வீட்டின் வரைபடம் வைத்திருக்கிற சாதனம் என்பதால் எனக்கு இந்த ஏற்பாடு உண்மையில் கூடப் பிடிக்கும். வைஃபைக்கு வைக்கும் பெயரில் தமிழ் எழுத்தோ சிரிப்புப் படமோ வேண்டாம், வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணுமே போதும். வைஃபையின் பெயரை மறைத்து வைத்திருந்தால் இணைக்கும் நேரத்துக்காவது வெளியே காட்டுங்கள்.

நிறுவனம் ரவுட்டரைத் திருத்தித் தந்த பிறகு ரோபோ வீட்டு வைஃபையில் ஒரே தடவையில் சேர்ந்தது. ஆனால் பின் அறைக் கட்டிலுக்குக் கீழே போனால் செயலியில் ‘இணைப்பில் இல்லை’ என்று வரும். எங்கள் கட்டடத்தில் போனைத் திறந்தாலே ஒரு பட்டியல் நீளத்துக்கு அயல் வீட்டு வைஃபைகள். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் (சனல்கள்) 1, 6, 11 மூன்றும்தான், அத்தனை வீடும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கிறது. குசினியில் மைக்ரோவேவ் ஓடினால் அதுவும் கிட்டத்தட்ட 2.45இல்தான் ஓடுகிறது. அலசிப் பார்க்கும் செயலி ஒன்றில் பார்த்தபோது 11இல் பெரும் கூட்டம், 1இல் குறைவு. ‘தானியங்கி’ என்று இருந்ததை 1க்கு மாற்றினேன். ரவுட்டரையும் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். இரண்டில் எது கைகொடுத்தது என்று சொல்லத் தெரியாது, கட்டிலுக்குக் கீழேயும் இப்போது அறுவதில்லை.

வரைபடம் வந்ததும் சாமியறையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டேன். வாசல் ஓரத்தில் கொஞ்சம் வெளியே தள்ளித்தான் போட்டேன், ஏனென்றால் பக்கத் தூரிகை உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும். அம்மா நம்பவில்லை. தும்புத்தடியோடு வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். ரோபோ வந்தது, திரைச்சீலைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது, இடப்பக்கம் திரும்பி ஹோலுக்குப் போனது. “ஓ, கேக்குது” என்றார். பிறகு வந்த நாட்களில் குசினி வாசலில் அரிசி சிந்தினால் “அதைக் கூப்பிடு” என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டார்.

கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தவர்கள் நாங்கள், 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டதையும் பார்த்தவர்கள். கேட்கத்தான் செய்வார்கள். எங்கள் ரவுட்டர் சின்ன யூபிஎஸ்ஸில் ஓடுவதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அது இல்லாத வீட்டிலும் ரவுட்டர் உயிர்த்ததும் ரோபோ தானாகவே சேர்ந்துகொள்ளும். கரண்ட் போனபோது நடுவில் கூட்டிக்கொண்டிருந்தால் தன் பற்றரியில் கூட்டி முடிக்கும், ஆனால் சார்ஜ் தளத்துக்கு மின் இல்லாததால் வீடு திரும்ப வழி தெரியாமல் எங்காவது நிற்கலாம்.

ரவுட்டரை மாற்றுகிறபோது மட்டும் ஒன்றைச் செய்யுங்கள். புதியதற்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வையுங்கள், 2.4இல் டபிள்யூபிஏ2 என்றும் வையுங்கள். ரோபோவுக்கு ரவுட்டர் மாறியதே தெரியாது, பொத்தான்களை மறுபடி அமுக்க வேண்டிய தேவையும் வராது.