எருசலேமில் ஹனுக்கா: சூரியன் மறைந்த பிறகு ஒரு மணி நேரம்

டிசம்பரில் புனித நாட்டுப் பயணம் போகும் நம்மூர்க் குழுக்களின் நிகழ்ச்சி நிரலில் பெத்லகேம் இருக்கும், கலிலேயாக் கடல் இருக்கும், சாக்கடலில் மிதப்பதற்கும் அரை நாள் இருக்கும். அதே நாள்களில் எருசலேம் வாசல்களில் எரியும், யூதர்களின் எட்டு நாள் பண்டிகையான ஹனுக்காவின் விளக்குகளைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். யோவான் சுவிசேஷம் 10ஆம் அதிகாரத்தில், மாரிகாலத்தில் நடந்ததாக வரும் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை இதுதான்.

கி.மு. 167இல் சிரியாவை ஆண்ட செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். யூதா மக்கபேயும் அவன் சகோதரர்களும் போரிட்டு மீட்டு, கி.மு. 164இல் யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் அதை மறுபடி பிரதிஷ்டை செய்தார்கள். கத்தோலிக்க விவிலியம் வைத்திருப்பவர்கள் மக்கபேயர் முதல் நூலின் 4ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போகலாம். ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்த கதையை மட்டும் அதில் தேட வேண்டாம். அது பல நூற்றாண்டு பிந்திய, யூதச் சட்ட விளக்கங்களின் தொகுப்பான தல்மூதில் வருவது. பல வழிகாட்டிகள் இரண்டையும் ஒரே மூச்சில் கலந்து சொல்லிவிடுகிறார்கள்.

அந்த ஆலயம் கி.பி. 70இல் ரோமர்களால் இடிக்கப்பட்டது. ஆகவே ஆலயத்தின் பண்டிகையை இன்று வீட்டு வாசலில்தான் காண முடியும். இந்த விளக்கின் நோக்கமே நடந்த அதிசயத்தைத் தெருவில் போகிறவர்களுக்கு அறிவிப்பது. அதனால் இதற்குக் கால அளவு உண்டு: கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கும்வரை எரிய வேண்டும். விறகு விற்கும் பல்மைரா ஊர்க்காரர்கள் கடைசியாகக் கிளம்பும் நேரம் என்று தல்மூத் அதற்கு அடையாளம் சொல்கிறது. நடைமுறையில் இருட்டிய பின் அரை மணி நேரம். பல வாசல்களில் அதற்கு மேலும் எரியும், ஆனால் ஏழு மணிக்கு இரவு உணவை முடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று விட்டால் பாதி விளக்குகள் அணைந்திருக்கும்.

டிசம்பர் நடுவில் எருசலேமில் மாலை ஏறத்தாழ 4.35க்குச் சூரியன் மறைகிறது. 18ஆம் நூற்றாண்டு யூத அறிஞரான வில்னா நகரத்து ஞானி எலியாவின் சீடர் வழி வந்தவர்கள் அந்த நேரத்திலேயே ஏற்றுவார்கள். மற்றவர்கள் நட்சத்திரம் தெரியும்வரை, அதாவது இன்னும் இருபது இருபத்தைந்து நிமிடம் காத்திருப்பார்கள். ஒரே சந்தில் விளக்குகள் இரண்டு தவணையாக ஏறுவது இதனால்தான். 4.30க்குச் சந்துக்குள் நின்றுவிடுங்கள். 5.45 வரை மெதுவாக நடங்கள்.

எங்கே நடப்பது? முதல் முறை போகிறவர்களுக்கு நஹ்லாவோத் என்ற பழைய குடியிருப்புதான் எளிது. யாஃபா சாலையில் மஹனே யெஹூதா நிறுத்தத்தில் டிராமை விட்டு இறங்கி, சந்தையைக் கடந்து தெற்கே போனால் வாகனம் நுழையாத முடுக்குகள் தொடங்கும். பழைய நகரின் யூதர் குடியிருப்பிலும் வாசலுக்கு வாசல் விளக்கு உண்டு, ஆனால் மழை பெய்தால் அங்குள்ள கல்படிகள் வழுக்கும். 1874இல் உருவான, தீவிர வைதீக யூதர்கள் வாழும் மெயா ஷெயாரிம் இவற்றில் மிகச் செறிவானது, மிகக் கண்டிப்பானதும் கூட. குழுவாக வர வேண்டாம் என்று தெருமுனையிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். நாற்பது பேரைக் கொடி பிடித்து அழைத்துப்போவது அவர்களை அவமதிப்பது. மூன்று நான்கு பேராகப் போங்கள். பெண்களுக்கு முழங்கைக்குக் கீழே வரும் கையும் கணுக்கால் தொடும் பாவாடையும், ஆண்களுக்கு முழுக்கால் சட்டையும் வேண்டும். சேலை கட்டுகிறவர்கள் இடுப்பும் முதுகும் மறையும்படி மேலே கோட்டு போட்டுக்கொள்ளலாம், குளிருக்கும் அது தேவைப்படும். சன்னலுக்குள் கேமராவை நீட்டக் கூடாது, குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது.

விளக்கு இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். வீட்டுக்குள் நுழையும்போது வலப்பக்க நிலையில் மெசூஸா எனும், மறைவசனச் சுருள் அடங்கிய சிறு கூடு பதித்திருக்கும். அதற்கு எதிரே இடப்பக்கத்தில், தரையிலிருந்து மூன்று கைப்பிடி அகலத்துக்கு மேல், பத்துக்குக் கீழ் விளக்கு இருப்பது சிறப்பு. காற்றுக்கு அணையாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். பழைய கல்வீடுகள் சிலவற்றில் இதற்கென்றே சுவரில் மாடம் விட்டிருக்கிறார்கள். மாடி வீட்டுக்காரர்கள் தெரு பார்த்த சன்னலில் வைப்பார்கள். இருபது முழத்துக்கு மேலே போய்விட்டால் கீழே நடப்பவர் கண் எட்டாது என்பதால் செல்லாது.

கார்த்திகைக்கு நாம் திண்ணை கொள்ளும் மட்டும் அகல் வைப்போம். இங்கே எண்ணிக்கை பிசகக் கூடாது. முதல் இரவு ஒன்று, எட்டாம் இரவு எட்டு. எட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும் என்றது பண்டைய யூத அறிஞர் ஷம்மாயின் பள்ளி. ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்ற, இன்னோர் அறிஞர் ஹில்லேலின் பள்ளியின் தீர்ப்பு நின்றது. எட்டுக் கிண்ணமும் ஒரே வரிசையில், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பார்ப்பவரின் வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கமாக நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஏற்றும்போது அன்று புதிதாக வந்த இடக்கோடி விளக்குக்கே முதலிடம். இந்த ஒளியில் படிக்கவோ காசு எண்ணவோ கூடாது, அதனால் ஷமாஷ் என்ற ஒன்பதாவது ஏவல் விளக்கு வரிசையை விட்டு விலகி அல்லது உயர்ந்து நிற்கும். மற்றவற்றை ஏற்றுவதும் அதைக் கொண்டுதான். எட்டு நாளுக்கும் கூட்டினால் 36, ஷமாஷோடு 44. கடைகளில் மெழுகுவர்த்திப் பெட்டி 44 எண்ணமாக விற்பது இந்தக் கணக்கில்தான்.

ஆலிவ் எண்ணெயும் பஞ்சுத் திரியும் உகந்தவை. திரி நுனியை எண்ணெயில் தோய்க்காவிட்டால் பற்றாது, பருமனாக இருந்தால் புகையும். மலிவான தகர விளக்குகளில் குழிகள் நெருக்கமாக இருப்பதால், ஐந்தாறு மெழுகு எரியும்போது ஒன்றின் சூட்டில் அடுத்தது வளைந்து சாயும். அப்படிச் சாய்ந்து இரண்டு சுடர் ஒன்றாகிவிட்டால் அது தீப்பந்தம், கணக்கில் வராது. போதுமான எண்ணெய் ஊற்றி, காற்றுப் படாத இடத்தில் வைத்து ஏற்றியும் அணைந்துபோனால் மறுபடி ஏற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஏற்றியதோடு கடமை முடிந்தது. எரிகிற விளக்கை நகர்த்த மாட்டார்கள். உதவுவதாக நினைத்து நீங்களும் தொட வேண்டாம். தங்கும் விடுதியில் உங்களுக்கும் ஏற்றிப் பார்க்க ஆசை இருந்தால் வரவேற்புக் கூடத்து மேசையைக் கேளுங்கள். அறைக்குள் ஏற்றினால் புகை எச்சரிக்கை மணி அலறும்.

வெள்ளிக்கிழமைதான் சிக்கலானது. அன்று மாலை சப்பாத் எனும் யூதரின் ஓய்வு நாள் தொடங்கிய பின் தீ மூட்டக் கூடாது. எனவே ஹனுக்கா விளக்கை முதலிலும் சப்பாத் விளக்கை அதன் பிறகும் ஏற்ற வேண்டும். எருசலேமில் சப்பாத் விளக்கு சூரியன் மறைய நாற்பது நிமிடம் முன்பே ஏறுகிறது, அதாவது நான்கு மணிக்குச் சற்று முன். அப்போது ஏற்றியது இருட்டிய பின் அரை மணி வரை நிற்க வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். வண்ண வண்ணச் சின்ன மெழுகு முப்பது நாற்பது நிமிடத்தில் கரைந்துவிடும், அன்றைக்கு உதவாது. எண்ணெயைக் கூட்டி ஊற்றுவார்கள், அல்லது தடித்த மெழுகு வாங்குவார்கள்.

பள்ளிக்கூடங்களைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இஸ்ரேலில் தொடக்கப் பள்ளிகளுக்கு இது விடுமுறை, பெற்றோருக்கோ வேலைநாள். அருங்காட்சியகங்களில் தாத்தா பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் நெரிவது அதனால்தான். லண்டன், நியூயார்க், மெல்போர்ன் போன்ற ஊர்களின் யூதப் பள்ளிகளில் நிலைமை வேறு. ஹனுக்காவில் வேலை செய்யத் தடை இல்லை என்பதால் பிற விடுமுறையோடு சேர்ந்து வராதவரை வகுப்பு நடக்கும். காலைத் தொழுகையில் எட்டு நாளும் ஹல்லேல் எனும் துதிச் சங்கீதங்களை முழுமையாகப் பாடுவார்கள், மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்திலிருந்து வாசிப்பார்கள். காலையில் விளக்கு ஏற்றினாலும் ஆசீர்வாதம் சொல்வதில்லை. கடமை இரவுக்கும் வீட்டுக்கும் உரியது, பள்ளியில் ஏற்றிய பிள்ளை வீட்டிலும் ஏற்ற வேண்டும். மாலையில் பெற்றோரைக் கூட்டி நடத்தும் விழாவில் ஆசீர்வாதம் சொல்லலாமா என்பதில் ரபிகள் எனும் யூத மதகுருக்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, ஒவ்வொரு பள்ளியும் தன் ரபியைக் கேட்டு நடக்கும்.

பிள்ளைகள் கையால் செய்த விளக்குகளை வரிசையாக மேசையில் வைப்பது பள்ளி விழாக்களின் அழகு. தீயும் அங்கேதான் பிடிக்கும். மரப்பலகையில் பாட்டில் மூடி ஒட்டிச் செய்தவை, பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தவை எல்லாம் காட்சிக்கு மட்டும். ஏற்றுவதென்றால் களிமண், உலோகம், கண்ணாடி. மேசையில் அலுமினியத் தாள் விரித்து, நீளக் கூந்தலை முடிந்து, தொங்கும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத்தான் தீக்குச்சி கொடுக்க வேண்டும். வட்டமாகச் செய்து வருகிற பிள்ளையும் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். வட்டத்தில் எரிவது எட்டு விளக்காகத் தெரியாது, நேர்வரிசை ஏன் என்பதைச் சொல்லித்தர அதைவிட நல்ல வாய்ப்பு ஆசிரியருக்கு அமையாது.

யூதர்கள் வந்து தொழும் மேற்குச் சுவரின் முன்றிலில் ஒவ்வொரு மாலையும் பெரிய விளக்கு ஏற்றுகிறார்கள். பாதுகாப்புச் சோதனைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். சுவரருகே ஆண்கள் தலையை மூட வேண்டும், பெண்களுக்குத் தனிப் பகுதி. அமைச்சர்களும் ஒலிபெருக்கியும் கேமராக்களும் உள்ள நிகழ்ச்சி அது. ஒரு நாள் போதும், மற்ற நாள்களைச் சந்துகளுக்குக் கொடுங்கள்.

பகலில் இஸ்ரேல் அருங்காட்சியகம் போகலாம். பல நாடுகளின் ஹனுக்கா விளக்குகள் அங்கே உள்ளன. மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெபக்கூடத்தின் 16ஆம் நூற்றாண்டு மரவேலை உட்பகுதியும் அங்கேதான் நிறுவப்பட்டிருக்கிறது. சுஃப்கானியா எனும் ஜாம் வைத்த எண்ணெய்ப் பணியாரத்தைச் சூடாகத் தின்னுங்கள், மாலைக்குள் விறைத்துவிடும்.

2026இல் ஹனுக்கா டிசம்பர் 4, வெள்ளி மாலை தொடங்குகிறது. எட்டாம் இரவும் 11ஆம் தேதி வெள்ளியே. எட்டு விளக்கும் எரியும் இரவைப் படம் பிடிக்கக் காத்திருப்பவர்களுக்கு அந்த ஆண்டு ஏமாற்றம்தான்: மேற்குச் சுவரில் சப்பாத் அன்று படம் எடுக்கத் தடை, டிராமும் ஓடாது. 6 முதல் 10 வரை, ஞாயிறு முதல் வியாழன், மூன்றாம் இரவிலிருந்து ஏழாம் இரவுவரை நடப்பதற்கு ஏற்றவை. பாதுகாப்பு நிலைமை குறித்த இந்திய அரசின் அறிவுரையைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். 12ஆம் தேதி சனி இரவுக்கு விளக்கு கிடையாது. கிண்ணங்களில் மிஞ்சிய எண்ணெயைச் சமையலுக்கோ வேறெதற்கோ எடுக்கக் கூடாது என்பதால், பழைய திரிகளோடு சேர்த்து அதை எரித்துவிடுவார்கள். புட்டியில் மிஞ்சியதைத் தாராளமாகச் சமையலுக்கு எடுக்கலாம்.