டவல் பஞ்சம்: சிங்கப்பூர் ஹோட்டல் வேலையில் நான் பார்த்தது

சிங்கப்பூர் ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கும் போர்ட்டர் வேலைக்கும் இந்தியாவிலிருந்து ஒர்க் பெர்மிட்டில் ஆள் எடுக்க 2023 செப்டம்பரில்தான் வழி திறந்தது. மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அப்படி வந்தவர்களில் நானும் ஒருவன். சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, அதில் குறை சொல்ல முடியாது. மனதை அரித்தது நிர்வாகம்தான்.

டவலிலிருந்தே சொல்கிறேன். ஒரு அறைக்கு மூன்று செட் துணி வேண்டும்: அறையில் ஒன்று, சலவைக்குப் போனது ஒன்று, அலமாரியில் ஒன்று. செலவைக் குறைக்கிறோம் என்று எங்கள் நிர்வாகம் புதுத்துணி வாங்குவதை நிறுத்தியது. கிழிந்தது கழிந்துகொண்டே போனது. அறைகளின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. மலேசியாவின் ஜொகூரிலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்து வரும் தமிழ் அக்கா ஒருவர் முதல் வாரமே சொன்னார்: "தம்பி, லினன் ரூம் திறக்கும் முன்னே போய் நில்லு. கிடைச்சதை டிராலிக்கு அடியில வச்சுக்க." லினன் ரூம் என்றால் டவல், விரிப்பு, உறை எல்லாம் வைக்கும் அறை. எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். அப்புறம் என்ன, தலையணை உறை காணோம் என்றால் பிலிப்பைன்ஸ்காரர் மியன்மார்க்காரரைச் சந்தேகப்படுவார், அவர் நம்மைச் சந்தேகப்படுவார். ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கூடுதலாகப் பத்து டவல் வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும் பகை அது. மேலே இருப்பவர்களோ ஊழியர்களிடம் ஒற்றுமை இல்லை என்று பயிற்சி வகுப்பு வைத்தார்கள். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? பெர்மிட் அந்த ஒரு முதலாளியோடு கட்டுண்டது. அவர் ரத்து செய்தால் ஊருக்குத்தான் போக வேண்டும். எங்களைப் போன்றவர்களை ஒரு நிறுவனம் தன் மொத்த ஆட்களில் 8 விழுக்காடு வரைதான் வைத்துக்கொள்ளலாம் என்பதால், இன்னொரு ஹோட்டலில் இடம் கிடைப்பதும் கடினம். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்த பணம் வேறு தலைக்கு மேல். இந்த மௌனத்தைத்தான் நிர்வாகம் திருப்தி என்று எடுத்துக்கொண்டது.

ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ரோஸ்டர், அதாவது வேலை நேரப் பட்டியல், மாறும். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், ஹோட்டலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

வரப்போகிறவர்கள் சட்டத்தைத் தெரிந்துகொண்டு வாருங்கள். உடலுழைப்பு வேலை, அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்குள் என்றால் வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம். அதற்கு ஒன்றரை மடங்கு கூலி, மாதம் 72 மணி நேரம்தான் உச்சவரம்பு. வாரம் ஒருநாள் ஓய்வு கட்டாயம். சம்பளச் சீட்டில் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். விருந்தினர் கட்டும் 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜை ஊழியருக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதனால் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள். சம்பளத் தகராறு என்றால் டாடம் (TADM) என்கிற, அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்பு அமைப்பு இருக்கிறது. ஹோட்டல் ஊழியர்களுக்கு உணவு, பானங்கள் மற்றும் சார்புத் தொழிலாளர் சங்கம் (FDAWU) இருக்கிறது.

அந்த அக்கா இப்போது வேறு ஹோட்டலுக்குப் போய்விட்டார். மலேசியர் என்பதால் அவருக்கு வேறு இடம் சீக்கிரம் கிடைத்தது. புதிதாக வந்த பையனுக்கு அக்கா பார்த்த மாடியின் வேலையை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். துணி இன்னும் போதவில்லை. ஒளித்துவைக்கச் சொல்லாமல், எவ்வளவு குறைகிறது என்று தினமும் லாக் புத்தகத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.