உயர்ந்த இரண்டாவது கை

மலேசியத் தோட்டப்புறத் தொடக்கப்பள்ளி ஒன்றின் மூன்றாம் ஆண்டு வகுப்பில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "வெளிநாட்டு மாணவர்கள் யார்? கையை உயர்த்துங்கள்." இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று, இந்தோனேசியத் தாய்க்குப் பிறந்த மாணவியுடையது. மற்றொன்று, அவள் அருகில் அமர்ந்திருந்த தோழியுடையது. "நீ இல்லம்மா, கையை இறக்கு" என்றேன். "நாங்க ரெண்டு பேரும் ஒரே லயம், டீச்சர்" என்றாள் தோழி. லயம் என்பது தோட்டத் தொழிலாளர் வீடுகளின் வரிசை. "அது வேறு, இது வேறு" என்று சொல்லிவிட்டு, பட்டியலில் ஒரு பெயரை மட்டும் எழுதினேன்.

அந்தப் பட்டியல் தேவையற்றதென்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். குடியுரிமை இல்லாத பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளியில் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டணம் உண்டு. இரவல் பாடநூலும் கிடைக்காது. முன்கூட்டியே தெரிந்தால்தான் பழைய நூல்களையாவது தேடித் தர முடியும். பட்டியலில் எழுதப்பட்ட மாணவியின் தந்தை இதே தோட்டத்தில் பிறந்து செம்பனை என்னும் எண்ணெய்ப்பனையின் குலை வெட்டுபவர். ஆனால் திருமணம் பதிவு செய்யப்படாததால், நம் அரசமைப்பின்படி பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்ற முடியும். பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால் அரசுப் பள்ளியில் சேரும் நடைமுறை 2019இல் எளிதாக்கப்பட்டதால்தான் அவள் என் வகுப்பில் இருந்தாள். கட்டுரையில் அவள் எழுதும் தமிழ், தோழியின் தமிழைவிடத் திருத்தமானது என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

சில வாரங்கள் கழித்து, திடலில் கயிறு தாண்டும்போது இருவருக்கும் சண்டை வந்தது. "நீ வெளிநாட்டுக்காரிதானே, டீச்சர் உன் பேரைத்தானே எழுதினாங்க" என்று கத்தியவள், அன்று கூடவே கையை உயர்த்திய அதே தோழி.

வீட்டில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கோபத்தில் பிள்ளைகள் கைக்குக் கிடைத்த சொல்லை எறிவார்கள், அதைப் பெரிதுபடுத்தக் கூடாது என்றும் நினைத்தேன். மறுநாள் சிற்றுண்டிச்சாலையில் ஒரே நாசி லெமாக் பொட்டலத்தை இருவரும் பிரித்து உண்டதைக் கண்டபோது மனம் ஆறியது உண்மை. ஆயினும் அந்தச் சொல்லை அவள் கைக்குக் கொடுத்தது யார் என்று யோசிக்கும்போதெல்லாம், கையை இறக்கச் சொன்ன என் குரல்தான் எனக்குக் கேட்கிறது. அந்தக் கை உயர்ந்ததன் பொருளை, அப்போது ஒரு நிமிடம் நின்று கேட்டிருக்கலாம்.

இவ்வாண்டுப் பட்டியலை வகுப்பில் எதுவும் கேட்காமல், அலுவலகத்தில் இருந்த பதிவுக் கோப்பைப் பார்த்து எழுதினேன். ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. அந்தக் கோப்பு அன்றும் அதே அலமாரியில்தான் இருந்தது.