கடைசிப் பாட்டில் மட்டும் ஒரு ‘ஸ்ஸ்’

ஜூன் 1, ஞாயிறு

முதல் பாட்டு துல்லியமாகக் கேட்கிறது. பக்கம் முடியும் நேரத்தில் மட்டும் பாடகியின் ‘ச’ எல்லாம் மணலைத் தேய்த்தது போல இரைகிறது. இதே குறைக்காக இரண்டு இசைத்தட்டுகளைத் தேய்ந்தவை என்று ஏற்கெனவே ஓரங்கட்டிவிட்டேன். இது மூன்றாவது. மூன்றும் ஒரே இடத்திலா கெட்டிருக்கும்?

பூதக்கண்ணாடியில் ஊசியைப் பார்த்தேன். நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை. ஊசி முனையைத் தாங்கும் மெல்லிய தண்டு, கான்டிலீவர், லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நீள்வட்ட முனை ஊசிக்கு, அதைத் தயாரிக்கும் ஆடியோ-டெக்னிகா நிறுவனம் சொல்லும் ஆயுள் சுமார் 300 மணி நேரம். பக்கத்துக்கு 20 நிமிடம் என்றால் 900 பக்கங்கள். என் ஊசிக்கு ஆறு வயது. நாளைக்கு ஒரு பக்கம் போட்டிருந்தாலே 2,000 தாண்டியிருக்கும். நானோ ஒரு நாளும் ஒரு பக்கத்தோடு எழுந்ததில்லை.

ஜூன் 7, சனி

புது கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி பொருந்தியிருக்கும் சிறு பெட்டி, வந்துவிட்டது. ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95இ, பச்சை ஊசி. ஸ்குரூ துளைகளுக்கு நடுவே வழக்கமான 12.7 மி.மீ. மரை உடம்பிலேயே வெட்டியிருப்பதால், தனி நட்டைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் தவழ வேண்டிய வேலை இல்லை. ஊசிப் பகுதி தனியாகக் கழன்று வரும். அதைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் ஸ்குருடிரைவரையே எடுத்தேன். உள்ளே காந்தம் இருக்கிறது, இரும்பு முனையைப் பட்டென்று இழுக்கும். நடுவில் கான்டிலீவர் மாட்டினால் கதை முடிந்தது.

தட்டின் மேல் ஊசியைத் தாங்கும் கை, டோன்ஆர்ம். அதிலிருந்து கார்ட்ரிட்ஜுக்கு வரும் நான்கு கம்பிகள், ஒவ்வொன்றும் தலைமுடியை விடக் கொஞ்சம் தடிப்பு. சாமணத்தால் கிளிப்பின் கழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டும், கம்பியை இழுக்கக் கூடாது. தெரியும். தெரிந்தும் மூன்றாவதைக் கம்பியோடு இழுத்தேன். கிளிப் பழைய கார்ட்ரிட்ஜிலேயே நின்றுவிட்டது, கம்பி மட்டும் கையோடு வந்தது. கிளிப்பைத் தனியே கழற்றி எடுத்து, ஒரு பல்குச்சியில் செருகி வைத்துக் கம்பியை ஈயத்தால் பற்ற வைத்தேன். கார்ட்ரிட்ஜின் பின்பக்க இணைப்பு முள்ளில் மாட்டியபடியே சூடு வைத்தால் உள்ளே இருக்கும் சுருள் போய்விடும்.

இரவு பத்தரைக்கு முதல் தட்டு. சத்தம் வருகிறது, ஆனால் அடித்தளமே இல்லை. டிரம் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருக்கிறது. பாடகி எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. தூங்கப் போகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

பகல் வெளிச்சத்தில் பார்த்ததும் புரிந்தது. சிவப்புக் கம்பி வலது பிளஸ், பச்சை வலது மைனஸ், வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ். என் டோன்ஆர்மில் வெள்ளை அழுக்கேறிச் சாம்பலாகி, நீலம் வெளுத்துப்போய், இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டன. மாற்றிச் செருகியிருக்கிறேன். ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கிறது. கனத்த ஒலியெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. இரண்டு கிளிப்பையும் இடம் மாற்றினேன். பாடகி நடுவில் வந்து நின்றார்.

கடைசிப் பாட்டு? ‘ஸ்ஸ்’ குறைந்திருக்கிறது. போகவில்லை.

ஜூன் 11, புதன்

யோசித்துப் பார்த்தால் அந்த இடம் எப்படியும் கஷ்டமான இடம்தான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓரத்துத் தடம் ஊசிக்குக் கீழே விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் வெறும் 21. அதே ‘ச’வைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். அங்கே ஊசி கொஞ்சம் கோணலாக நின்றாலும் காட்டிக்கொடுத்துவிடும். நானோ கார்ட்ரிட்ஜை மாட்டும் தலைப்பகுதியான ஹெட்ஷெல்லின் விளிம்பைப் பார்த்துக் கண்மதிப்பில் முடுக்கியிருந்தேன்.

ஜூன் 14, சனி

காலை முழுக்க கோணமானித் தாளோடு போயிற்று. தட்டைச் செதுக்கும் கருவி நேர்கோட்டில் நகர்ந்தது. நம் டோன்ஆர்ம் வில்லாக வளைந்து போகிறது. இரண்டு இடங்களில்தான் கோணம் சரியாகப் பொருந்தும். பேர்வால்ட் என்பவரின் கணக்குப்படி நடுமுளையிலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ.

அந்த இரண்டு புள்ளிகளும் குறித்திருக்கும் தாளில் வெளிப் புள்ளியில் ஊசி முனையை இறக்கினேன். கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டு விளிம்பு கட்டக் கோடுகளுக்கு இணையாக இருந்தது. ஆகா என்று உள்புள்ளிக்குப் போனால் உள்பக்கமாகத் திரும்பி முறைக்கிறது. ஸ்குரூவை அரைச் சுற்றுத் தளர்த்தி, முன்னே தள்ளி, திருப்பி, மறுபடி வெளிப் புள்ளி. அது இப்போது தப்பு. மறுபடி உள்ளே. இப்படிப் பதினோரு முறை. கடைசியில் கார்ட்ரிட்ஜ் பழைய இடத்திலிருந்து ஏறக்குறைய 2 மி.மீ. முன்னால் போய் நின்றது. ஒரு ஸ்குரூவை ஒரேயடியாக இறுக்கினால் மொத்தமும் திரும்பிக்கொள்கிறது. மாறி மாறிக் கால் சுற்றாகத்தான் இறுக்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

நகர்த்தினால் ஊசி தட்டை அழுத்தும் எடையும் மாறும் என்பதால் மறுபடி அளந்தேன். டோன்ஆர்மின் பின்முனையில் இருக்கும் எதிரெடையின் (கவுன்ட்டர்வெயிட்) வளையம் 2 கிராம் என்கிறது, சின்ன டிஜிட்டல் தராசு 2.3 என்கிறது. தராசை நம்பினேன். இந்த ஊசிக்கு 1.8 முதல் 2.2 வரைதான். எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். ரொம்பக் குறைந்தால் ஊசி தடத்தின் சுவரில் பதியாமல் துள்ளும், அந்தத் துள்ளல்தான் சுவரை அதிகம் கெடுக்கும். 2.0இல் நிறுத்தி, டோன்ஆர்ம் உள்பக்கமாக இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணுக்கு வைத்தேன்.

கடைசிப் பாட்டு. ‘ச’ வந்தது, ‘ச’வாகவே போனது. நான்கு தடவை கேட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

புதுப் பழக்கம்: ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, சின்னப் பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னாக ஒரே இழுப்பு. பக்கவாட்டில் வேண்டாம், முன்னாலிருந்து பின்னாக வேண்டவே வேண்டாம். திரவம் தேவைப்பட்டால் பிரஷ் நுனியில் ஈரம் மட்டும்; அதிகமானால் கான்டிலீவர் வழியே ஏறி உள்ளே இருக்கும் ரப்பருக்குப் போய்விடும். ஒரு நோட்டும் போட்டிருக்கிறேன், பக்கத்துக்கு ஒரு கோடு. இதுவரை 23.

ஜூலை 6, ஞாயிறு

ஓரங்கட்டிய இரண்டு தட்டுகளையும் இன்று கழுவி, காய வைத்து, போட்டுப் பார்த்தேன். முதலாவதில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவதில் கடைசிப் பாட்டின் ‘ஸ்ஸ்’ அப்படியே இருக்கிறது. அதைத்தான் அந்தப் பழைய ஊசியில் அதிகம் போட்டிருக்கிறேன். இருந்தாலும் மறுபடி அலமாரியில் மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிட்டேன். நோட்டில் 61 கோடு.