கடலோரச் சரணாலயத்தில் நடக்கப் போகிறவர்களுக்கு

கடலோரச் சரணாலயங்களில் ‘எளிது’ என்று பலகை வைத்திருக்கும் பாதைகளில் செங்குத்தான மேடு இருக்காது, பாறையைப் பிடித்து ஏறும் வேலையும் இருக்காது. அதனால் 6 கி.மீ. என்றதும் ஒன்றரை மணி நேரம் போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். தார்ச் சாலையில் அந்தக் கணக்கு சரி. கடலோரத்தில் கிலோமீட்டரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காலுக்குக் கீழே என்ன தரை, அந்த நேரத்தில் கடல் எங்கே நிற்கிறது, இந்த இரண்டையும் பார்த்துத்தான் நேரம் போட வேண்டும்.

முதலில் தரை. காய்ந்த, கால் புதையும் மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஒவ்வொரு அடியிலும் மணல் பின்னால் சரிந்து, நாம் கொடுத்த உந்துதலில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. ஈர மணலில் அப்படியில்லை. மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் நீர் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் தரை இறுகி நிற்கும். கடைசி அலை வந்த தடத்துக்குச் சற்று மேலே, நடந்தால் மேலோட்டமான காலடி மட்டும் பதிகிற ஈரப் பட்டைதான் நடப்பதற்கு நல்ல இடம். அங்கே மணிக்கு 4 கி.மீ. தாராளமாக நடக்கலாம். புதைமணலில் 2 கி.மீ. போனாலே அதிகம். பறவை பார்த்துக்கொண்டு மரப்பலகைப் பாதையில் போனால் 3 கி.மீ. எனவே ஈர மணலில் 2, மணல்மேட்டில் 2, பலகைப் பாதையில் 2 என்று பிரியும் 6 கி.மீ. சுற்றுக்கு அரை மணி, ஒரு மணி, 40 நிமிடம் என 2 மணி 10 நிமிடம் ஆகிறது. நின்று பார்ப்பதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈரப் பட்டையிலும் ஒரு தொல்லை உண்டு. கடலை நோக்கிச் சரிந்த கரையில் ஒரே பக்கமாக நெடுநேரம் நடந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே மிதிக்கும். முழங்காலிலும் இடுப்பிலும் வலி வருவது இதனால்தான். கடல் நன்றாக வற்றியிருக்கும்போது கீழ்க்கரை பல இடங்களில் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். அப்போது நடப்பது உடம்புக்கும் நல்லது.

அடுத்தது கடல். கடல் ஏறும், வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்காமல் கடலோர நடைக்குத் திட்டம் போடவே கூடாது. பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 8 மணிக்கு வற்றினால் நாளை ஏறக்குறைய 8.50. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். அஷ்டமியை ஒட்டி வித்தியாசம் குறைவு. போன வாரம் கால் நனையாமல் சுற்றிவந்த பாறை முனையை இந்த வாரம் அதே நேரத்தில் சுற்ற முடியாமல் போவது இதனால்தான்.

கடல் ஒரே சீராக ஏறுவதில்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வற்றிய பிறகு ஆறு மணி நேரத்தில் அது ஏறும் மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு என ஏறும். மொத்த ஏற்றம் 3 மீட்டர் என்றால் முதல் மணி நேரத்தில் 25 செ.மீ., இரண்டாவதில் 50, மூன்றாவதில் 75. ‘இவ்வளவு நேரமும் கொஞ்சம்தானே ஏறியிருக்கிறது’ என்று நிற்பவரை மூன்றாவது மணி நேரம்தான் மடக்கும். எனவே கடற்கரையில் நடக்கும் பகுதியை வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து இரண்டு மணி நேரம் பின்பு வரை உள்ள நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். அந்த இடைவெளியில் நீர்மட்டம் மொத்த ஏற்றத்தில் கால் பங்குக்கு மேல் போகாது. போன வழியே திரும்புவதானால், வற்றத்தின் நேரம் வந்ததும் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

அட்டவணையிலுள்ள நேரம் ஏதோ ஒரு துறைமுகத்துக்கானது. கழிமுகத்துக்கு உள்ளே போகப்போக ஏற்றம் தாமதமாக வரும். சில அட்டவணைகள் உள்ளூர் நேரத்தில் இல்லாமல் உலகப் பொது நேரத்தில் (UTC) இருக்கும், தலைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும். கூடவே கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று பலமாக அடித்தால் அட்டவணை சொன்னதைவிட நீர் மேலே வரும்.

கையில் அட்டவணை இல்லாவிட்டாலும் கரையே சொல்லும். காய்ந்த பாசியும் குச்சியும் சிப்பியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோடுதான் கடைசி ஏற்றம் தொட்ட இடம். அந்தக் கோட்டுக்கும் பின்னாலுள்ள பாறைச் சுவருக்கும் நடுவே காய்ந்த மணலே இல்லையென்றால், ஏற்றத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது. அத்தகைய பகுதி எத்தனை மீட்டர் நீளம், நடுவில் மேலே ஏறிப்போக வழி உண்டா என்று வரைபடத்தில் முன்பே பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கடலில் கலக்கும் சிற்றோடைகளையும் லேசாக எண்ண வேண்டாம். போகும்போது கணுக்கால் ஆழம், திரும்பும்போது இடுப்பளவு என்பது சகஜம். கடப்பதானால், ஓடை மணலில் அகலமாகப் பரவும் இடத்தில் கடக்க வேண்டும். ஒடுங்கிய இடத்தில் ஆழமும் வேகமும் அதிகம். காலணியைக் கழற்றாதீர்கள், முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். முழங்காலுக்கு மேல் நீர் இருந்தால் காத்திருப்பதே சரி.

சதுப்பு நிலத்தில் பாதையை விட்டு இறங்கவே கூடாது. தப்பித்தவறிச் சேற்றில் கால் சிக்கினால், இன்னொரு காலை ஊன்றி இழுக்காதீர்கள். அதுவும் சேர்ந்து புதையும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்பி, சிக்கிய காலை மெல்ல அசைத்து நீரை உள்ளே விட்டுத் தளர்த்த வேண்டும். வெளியே வந்ததும் எழுந்து நிற்காமல், வந்த வழியிலேயே தவழ்ந்து திரும்புங்கள்.

அலையாத்திக் காட்டில் இறங்கக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சேற்றிலிருந்து பென்சில் போலக் குத்திட்டு நிற்பவை அந்த மரங்களின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது. அடிவேர்களுக்குக் காற்றைக் கொண்டுபோவது இவைதான். ஒரு குழு நடந்துபோனாலே நூற்றுக்கணக்கில் ஒடிந்துவிடும். பலகைப் பாதையில் நிழல் விழும் பகுதிகளில் பாசி பிடித்து வழுக்கும். காலை வேளையில் சிறு அடியாக வைத்து நடங்கள்.

மணல்மேட்டிலும் குறுக்கு வழி வேண்டாம். அடும்புக்கொடி மாதிரியான செடிகள்தான் மேட்டை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஒற்றையடித் தடத்தில் கொடி அறுந்தால் காற்று அங்கே நுழைந்து மணலை அள்ளும். தடம் குழியாகும், குழி பெரிதாகிக்கொண்டே போகும்.

பறவைகளுக்காகப் போகிறவர்கள் வற்றத்தில் சதுப்புக்குப் போனால் ஏமாற்றம்தான். சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகள் தூரத்தில் புள்ளிகளாகத் தெரியும். ஏற்றம் உச்சம் தொடுவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு போய் உட்காருங்கள். நீர் அவற்றைத் தள்ளிக்கொண்டு கரைக்கே கொண்டுவரும். ஆகவே சுற்றுப்பாதை கிடைத்தால், கடல் வற்றும்போது மணலில் போய், ஏறத் தொடங்கியதும் மேட்டுப் பாதை வழியாகத் திரும்பி, பறவை பார்க்கும் மறைவிடத்தில் நடையை முடிப்பதுதான் என்னைக் கேட்டால் மிகச் சிறந்த ஒழுங்கு.

உப்புக்கொத்திகள் கூடு கட்டுவதில்லை; திறந்த மணலில் சிறு பள்ளம் பறித்து, மணல் நிறத்திலேயே முட்டையிடும். ஒரு பறவை சிறகு ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் ஓடினால், முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். நின்று படம் எடுக்க வேண்டாம். தாய் விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் காய்கிறது. காலடியைப் பார்த்துக்கொண்டே ஈர மணலுக்கு இறங்கிப் போய்விடுங்கள். நாயை வீட்டில் விட்டுவிட்டு வருவதும் இதற்காகத்தான்.

கடல் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் உடம்பு நீர் இழப்பது தெரியாது. மிதமான வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர், கடும் வெயிலில் முக்கால் முதல் ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். புற ஊதாக் கதிரில் காய்ந்த மணல் சுமார் 15 சதவீதத்தையும் அலை நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே தொப்பி மட்டும் போதாது. தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும் வெயில் காப்புக் களிம்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். முற்பகலில் தொடங்கும் கடல் காற்று பிற்பகலில் பலக்கும். எதிர்க்காற்றில் போகும் பகுதியைக் காலையிலேயே முடித்துவிட்டால் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்.

இடி கேட்டால் திறந்த கரையில் நிற்காதீர்கள். கடைசி இடி முடிந்து 30 நிமிடம் கழித்துத்தான் மீண்டும் நடக்கலாம்.

காலணி: நீர் புகாத உள்ளுறை வைத்தது இங்கே வேண்டாம். மேலே வழியாக ஒரு அலை உள்ளே போனால் நீர் வெளியேறவே செய்யாது. வலைத்துணி வைத்த லேசான ஓட்டக் காலணி போதும், பருத்தி இல்லாத காலுறையோடு. மணல் உறுத்த ஆரம்பித்ததும் உட்கார்ந்து கொட்டிவிடுங்கள். அரை கிலோமீட்டர் பொறுத்தால் கொப்புளம் நிச்சயம். நடை முடிந்ததும் காலணி, ஊன்றுகோல் இரண்டையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஊன்றுகோலின் பூட்டுப் பகுதியைப் பிரித்துக் கழுவாவிட்டால் உப்பு இறுகி அடுத்த முறை நீட்ட வராது. காலணியின் அடிப்பள்ளங்களில் ஒட்டியிருக்கும் விதைகளைக் குச்சியால் நோண்டி அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு சரணாலயத்தின் களை இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான்.