இஞ்ச் டேப்போடு கார் பார்க்கப் போனேன்

பதினோரு வருடம் ஓடிய எங்கள் பழைய கார், ஒரு சிக்னலில் கிளட்ச் போய் நின்றது. வீட்டில் அன்றைக்கே முடிவாகிவிட்டது, புதுசு வாங்குவதென்று. மறுநாள் மூன்று கம்பெனிகளின் பிரோஷர்களை அள்ளிக்கொண்டு வந்து, ராத்திரி உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன். நாற்பத்திரண்டு வசதிகள், மூன்று கார்கள். இருந்தால் டிக், இல்லாவிட்டால் பெருக்கல் குறி. எந்தக் காருக்கு டிக் அதிகமோ அதை வாங்கிவிடுவது. அப்போது எனக்கு அது ரொம்ப விஞ்ஞானபூர்வமாகத் தெரிந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இதுல பாதி நம்ம பழைய வண்டியிலயும் இருந்துச்சே. என்னைக்காவது தொட்டிருக்கோமா?"

தொட்டதில்லைதான். ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓட வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் பட்டன் பதினோரு வருடம் கழித்தும் பளபளவென்று இருந்தது. தேய்ந்துபோயிருந்தவை ஏசி திருகு, ஹாரன், பின்கதவின் கைப்பிடி, கிளட்ச் பெடல், இவ்வளவுதான்.

பழைய வண்டியை விற்பதற்காகவாவது கிளட்ச்சை மாற்றியாக வேண்டியிருந்தது. மாற்றிய பிறகு நாலு வாரம் அதையே ஓட்டினோம். டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்து, யார் ஓட்டினாலும் எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர், டிக்கியில் என்ன என்று எழுதி வைத்தோம். மொத்தம் 61 பயணம். அதில் 47 பயணங்கள் எட்டு கிலோமீட்டருக்குள். ஐந்து பேரும் சேர்ந்து போனது மூன்றே தடவை. டிக்கி நிரம்பியது ஒரு தடவை. அம்மா ஏறி இறங்கியது பதினாலு தடவை. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம், வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. நாற்பத்திரண்டு வரிகள் கொண்ட என் அட்டவணையில் அம்மாவுக்கு ஒரு வரி கூட இல்லை.

எரிபொருள் விஷயத்தை நோட்டே முடித்துவிட்டது. டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். அதற்குப் புகை நன்றாகச் சூடேற வேண்டும். ஏழெட்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் வண்டிக்கு அந்தச் சூடு வருவதற்குள் வீடு வந்துவிடும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆக, டீசல் வேண்டாம். மின்சாரக் கார் எங்கள் பயணங்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. ஆனால் நாங்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் பிளக் இல்லை, மூன்றாவது மாடியிலிருந்து வயர் இறக்கவும் முடியாது. பெட்ரோல் என்று தீர்ந்தது.

பெயர்கள் வேண்டாம், டெஸ்ட் டிரைவுக்கு வந்த வண்டிகளின் நிறத்தை வைத்தே நீலம், வெள்ளை, சிவப்பு என்று சொல்கிறேன். நீலம்தான் என் அட்டவணையில் முதலிடம். வெள்ளை பார்க்க அழகு, தாழ்வாக, சீறிப் பாயப்போவதுபோல நிற்கும். சிவப்பு கொஞ்சம் பெட்டி மாதிரி இருக்கும். மகன் அதைப் பார்த்ததும் "பிரெட்டுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்குப்பா" என்றான்.

மூன்றுமே கிளட்ச் பெடல் இல்லாத வண்டிகள். அதையெல்லாம் ஆட்டோமேட்டிக் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள், உள்ளே இருப்பது வேறு வேறு. நீலத்தில் ஏஎம்டி. அது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை நம் காலுக்குப் பதிலாக ஒரு மோட்டார் மிதிக்கிறது. விலை குறைவு, மைலேஜும் நன்றாக வரும். ஆனால் கியர் மாறும் அந்த அரை நொடியில் வண்டி மூச்சு வாங்குவதுபோல இழுவை நிற்கும், தலை லேசாக முன்னே போய் வரும். வெள்ளையில் இரட்டைக் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று; அடுத்த கியர் எப்போதும் தயாராக நிற்பதால் வெண்ணெயில் கத்தி போனதுபோல மாறும். நெரிசலில் அடி அடியாக ஊர்ந்தால் மட்டும் கிளட்ச் சூடேறுவதுண்டு. சிவப்பில் சிவிடி. கியர் படிகளே கிடையாது. இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு பெல்ட். கப்பிகளில் பெல்ட் ஓடும் விட்டம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதலில் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் பின்னாலேயே வரும். வேகமாக ஓட்டுபவர்களுக்கு இது எரிச்சல். என் நோட்டில் வேகமாக ஓட்டியதற்கான தடயம் எதுவும் இல்லை.

ஷோரூம்காரர்கள் டெஸ்ட் டிரைவுக்கு ஒரு பாதை வைத்திருப்பார்கள், கண்ணாடி மாதிரி சாலை, வலது திருப்பங்கள் நாலு, அவ்வளவுதான். நான் மூன்று இடத்திலும் ஒரு கார் நிறுத்தும் கட்டடத்தின் சரிவுப் பாதைக்குத்தான் போக வேண்டும் என்று அடம் பிடித்தேன். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, பிரேக்கை விட்டுப் பார்த்தேன். நீலம் ஓர் அடிக்கு மேல் பின்னால் உருண்டது. கூட வந்த பையன் பதறிப்போய், "சார், மேல் வேரியன்ட்ல ஹில் ஹோல்ட் வரும் சார்" என்றான். ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் வண்டி உருளாமல் சில நொடி பிடித்து வைப்பதுதான் ஹில் ஹோல்ட். வேரியன்ட் என்பது ஒரே காரை வசதிகளைக் கூட்டிக் குறைத்து வேறு வேறு விலைக்கு விற்கும் வகை. இந்த 'மேல் வேரியன்ட்டில் வரும்' என்ற வாக்கியத்தை அடுத்த இரண்டு வாரம் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சரி, அம்மா. இரண்டாவது ரவுண்டுக்கு அம்மாவையும் வாக்கரையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் பழைய தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பையும் எடுத்துக்கொண்டேன். வெள்ளையின் பின்சீட் தரையிலிருந்து 49 சென்டிமீட்டர்தான். அம்மா அதில் உட்காரவில்லை, விழுந்தார். எழுப்புவதற்கு நானும் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. நீலத்தில் சீட் உயரம் 55, அது பரவாயில்லை. ஆனால் அழகுக்காகக் கூரையைப் பின்பக்கம் சரித்திருந்தார்கள். ஏறும்போது தலை இடித்தது. படிக்கட்டுபோலக் கதவடியில் வரும் விளிம்பும் அகலம், ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்கி அதைத் தாண்ட வேண்டும். முட்டி மடங்காதவர்களுக்கு இந்த ஒரு சாண் என்பது ஒரு மலை. சிவப்பில் சீட் 60 சென்டிமீட்டர், அம்மாவுக்குக் கிட்டத்தட்டச் சரியான உயரம். கதவு ஏறக்குறைய செங்கோணமாகத் திறந்தது. அம்மா முதுகைக் காட்டி நின்று, அப்படியே உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டார்.

"இதுல ஏற வேண்டாம்டா. உக்காந்தாலே போதும்."

பிரோஷரில் நீளம், அகலம், உயரம், தரை இடைவெளி எல்லாம் போடுகிறார்கள். சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம், கதவு எவ்வளவு விரியும் என்று நான் பார்த்த மூன்றிலும் இல்லை.

டிக்கியிலும் இதே கதை. வெள்ளையில் 330 லிட்டர், சிவப்பில் 270. என் அட்டவணைப்படி வெள்ளை ஜெயித்தாகிவிட்டது. இந்த லிட்டர் கணக்கு எப்படி வருகிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில், 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள கட்டைகளை டிக்கிக்குள் அடுக்குவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். எத்தனை கட்டை நுழைகிறதோ அத்தனை லிட்டர். செங்கல் அளவுகூட இல்லாத கட்டை மூலைமுடுக்கெல்லாம் நுழைந்துவிடும். வாக்கர் நுழையாது. வெள்ளையின் டிக்கி ஆழமாக, வாய் குறுகி, கிணறு மாதிரி இருந்தது. மடித்த வாக்கர் குறுக்கே மாட்டிக்கொண்டது. அறுபது லிட்டர் குறைவான சிவப்பில் படுத்துக்கொண்டது, மேலே இரண்டு பைகளுக்கும் இடம் இருந்தது.

இனி வேரியன்ட் பஞ்சாயத்து. எனக்கு உண்மையிலேயே தலைவலி வந்தது இதில்தான்.

பாதுகாப்பில் நான் வேண்டும் என்று வைத்திருந்தவை நாலு: பக்கவாட்டுத் திரை ஏர்பேக்குகள், வண்டி வழுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து நேராக்கும் இஎஸ்சி, பின்சீட் நடுவில் உட்காருபவருக்கும் மூன்றுமுனை பெல்ட், அவர் தலைக்கு ஒரு ஹெட்ரெஸ்ட். மூன்றுமுனை பெல்ட்டை வால்வோ கம்பெனி 1959இலேயே காரில் பொருத்திவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் நீலத்தின் கீழ் வேரியன்ட்டில் பின்சீட் நடுவில் வெறும் இடுப்பு பெல்ட்தான். ஆறு ஏர்பேக் வேண்டுமா? டாப் மாடலுக்குப் போ. டாப் மாடலில் கூடவே சன்ரூஃப், கதவோரம் மினுக்கும் நீல விளக்கு, பட்டனை அழுத்தினால் மடங்கும் சைடு மிரர், பெரிய சக்கரம். அரிசி வாங்கப் போனவனிடம் வெள்ளித் தட்டோடுதான் தருவேன் என்பதுபோல. சிவப்பில் நாலு வேரியன்ட். நல்லவேளையாக மூன்றாவதிலேயே நான் கேட்ட நாலும் வந்துவிட்டன. நாலாவதில் கூடுதலாக வருபவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, "மிரரை மடிக்க மோட்டாரா? கை எதுக்கு இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கோடு போட்டு அடித்தேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரை மோதவிட்டுச் சோதித்துக் கொடுக்கும் நட்சத்திர மதிப்பெண்ணையும் பார்த்தேன். ஒன்று கவனித்தேன்: எந்த வருடத்துச் சோதனை, எத்தனை ஏர்பேக் உள்ள வேரியன்ட்டை மோதினார்கள் என்று பார்க்காமல் நட்சத்திரத்தை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். சோதனை விதிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை கடினமாகிக்கொண்டே வருகின்றன, பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல.

சக்கரம் பெரிதாக இருந்தால் நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மூன்றாவது வேரியன்ட்டில் டயர் 185/65 ஆர்15. நாலாவதில் 195/55 ஆர்16. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, டயரின் பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் சக்கர வளையத்தின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் முதல் டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ., இரண்டாவதில் 107. மொத்த உயரம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே, 62 சென்டிமீட்டர். அதாவது பெரிய சக்கரம் என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்குவது, பதிமூன்று மில்லிமீட்டர் ரப்பரைக் குறைத்து அந்த இடத்தில் உலோகத்தை வைத்துக்கொள்வதுதான். பள்ளத்தில் விழும்போது அடியை முதலில் வாங்குவது அந்த ரப்பர். இரண்டு வேரியன்ட்டையும் ஒரே வேகத்தடையில் ஏற்றி இறக்கினோம். பின்சீட்டிலிருந்த அம்மாவுக்கு வித்தியாசம் சொல்லாமலே தெரிந்தது.

ஸ்டெப்னியைத் திறந்து பார்க்க மறக்காதீர்கள். நீலத்தில் டிக்கி அட்டையைத் தூக்கினால் டயரே இல்லை, பஞ்சர் அடைக்கும் திரவமும் ஒரு சின்ன பம்ப்பும்தான். ஆணி குத்தினால் அது போதும், பக்கச்சுவர் கிழிந்தால் இழுவை வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். சிவப்பில் ஒல்லி ஸ்டெப்னி, அதை மாட்டினால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. முழு டயர் இல்லையே என்று குறைதான், ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

கடைசியாக சிவப்பை மட்டும் இருட்டும் நேரத்தில் ஒருமுறை ஓட்டினேன். விளக்கு எப்படி விழுகிறது, பின் கேமரா இருட்டில் எதையாவது காட்டுகிறதா என்று பார்க்க. பாட்டை நிறுத்திவிட்டு, ஏசியை முழுசாக வைத்து, நின்றபடி ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தேன், மூன்று சிலிண்டர் இன்ஜின் என்பதால் நடுக்கம் எவ்வளவு என்று அறிய. இருந்தது, பழைய கார் அளவுக்கு இல்லை. இந்த வண்டியில் ஏசிக்குத் திருகு இருந்தது எனக்குப் பெரிய நிம்மதி. நீலத்தில் குளிரைக் கூட்ட டச் ஸ்கிரீனில் இரண்டு தடவை தொட வேண்டும், அதுவும் கண்ணைச் சாலையிலிருந்து எடுத்து.

நிறத்தை மகனிடம் விட்டுவிட்டோம். சாம்பல்.

புக் செய்த அன்று ஷோரூமில் ஒரு ஆக்சசரி பட்டியலை நீட்டினார்கள். சீட் கவர் முதலில் இருந்தது. பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத்திலிருந்தே கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதன்மேல் கெட்டியான கவரைப் போட்டு இறுக்கித் தைத்தால் அது எப்படி விரியும் என்று கேட்டேன். "எல்லாரும் போடுறாங்க சார்" என்றார்கள். நாங்கள் மிதியடி மட்டும் வாங்கினோம். டெலிவரிக்கு முன் பகல் வெளிச்சத்தில் பெயின்ட்டைச் சுற்றிப் பார்த்தேன், நாலு டயரிலும் தயாரிப்புத் தேதியைப் படித்தேன். பக்கச்சுவரில் நாலு எண் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். நாலின் தேதிகளும் ஒன்றுக்கொன்று நாலைந்து வாரத்துக்குள் இருந்தன. கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தோம். கேட் 2 மீட்டர் அகலம். பிரோஷரில் காரின் அகலம் 1,745 மி.மீ. என்று படித்து, இரண்டு பக்கமும் தாராளம் என்று முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பழைய சின்னக் கார் யோசிக்காமல் நுழையும் கேட்தான். பாதி நுழைந்ததும் மனைவி "நிறுத்துங்க!" என்று கத்தினாள். பிரோஷரில் போடும் அகலம் பெரும்பாலும் சைடு மிரரைச் சேர்க்காதது. இஞ்ச் டேப்பைக் கொண்டு அவ்வளவு அளந்தேன், மிரரை அளக்கவில்லை.

தினமும் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்துகிறேன். மகன் இறங்கி இடது மிரரை மடிக்கிறான், நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வலதை மடிக்கிறேன். பின்சீட்டில் இருந்தால் அம்மா தவறாமல் கேட்கிறார்: "இதுக்கு ஒரு மோட்டார் வச்சிருக்கக் கூடாதாடா?"